காய்ச்சல் பார்க்கிற கை

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். ஆனாலும் 'காய்ச்சல்' என்கிற ஒரு சொல்லுக்கு எனக்குத் தெரிந்த அளவு அர்த்தம் எந்த வாத்தியாருக்கும் தெரியாது என்று பந்தயம் கட்டுவேன். ஒவ்வொரு அர்த்தத்தையும் ஒவ்வொரு வேலையில் நின்று படித்தவன்.

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் அடுத்தவர் தோட்டத்தில் மிளகாய்க்குத் தண்ணீர் கட்டினேன். அங்கே காய்ச்சல் என்றால் மண்ணைக் காய விடுவது. காய்ச்சலும் பாய்ச்சலுமாக இருந்தால்தான் செடி தேறும். தினமும் ஊற்றினால் வேர் அழுகும். பிறகு விருதுநகரில் ஒரு ராவுத்தரின் வத்தல் மண்டியில் மூட்டை தூக்கினேன். அவர் ஒரு வத்தலை எடுத்துக் காதோரம் ஆட்டிப் பார்ப்பார். உள்ளே விதை கலகலவென்றால் காய்ச்சல் சரி. சத்தம் வராவிட்டால் வண்டியைத் திருப்பச் சொல்லிவிடுவார். சிவகாசி அச்சாபீஸில் அதே சொல்லை மைக்குச் சொன்னார்கள். மழை நாளில் காலண்டர்த் தாளின் காய்ச்சல் பிந்தும்; ஒரு தாளில் இருக்கிற சாமியின் முகம் அடுத்த தாளின் முதுகில் ஒட்டிக்கொண்டு வரும். நானே சொந்தமாகப் பட்டாசுக் கம்பெனி போட்டு, நாலு பேர் 'முதலாளி' என்று கூப்பிட ஆரம்பித்ததும் இன்னொரு காய்ச்சலையும் கண்டேன். அது என் சொந்தக்காரர்களுக்கு என் மேல் வந்தது. இன்னமும் விட்டபாடில்லை.

உடம்புக்கு வருகிற காய்ச்சலை மட்டும் நான் ஒரு பொருட்டாகவே மதித்ததில்லை. தலையில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனால் அதுவே ஓடிப் போகும் என்றிருந்தேன். சிக்குன்குனியா வந்த வருஷம் அந்த நினைப்பு போயிற்று.

தீபாவளி சீசன் நெருங்கிய நேரம். ஊர் ஊராகக் கை கால் மூட்டு வீங்கிப் படுத்துவிட்டார்கள். காலையில் ஆள் ஏற்றப் போகிற வேன் பாதி காலியாகவே திரும்பி வரும். காய்ச்சல்காரர்களை வேலைக்குள் விடக் கூடாது என்று வாசலிலேயே சொல்லி வைத்திருந்தேன். வெடிமருந்துக்குப் பக்கத்தில் தலைசுற்றி ஒருத்தி விழுந்தால் என்ன ஆகும் என்பது, இந்தத் தொழிலில் இருக்கிறவனுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

காயப்போடுகிற மேடைக்கு என் கூடப்பிறந்த தங்கச்சிதான் பொறுப்பு. வானத்தில் போய் வெடித்துப் பச்சையும் சிவப்புமாக விரிகிறதே, அந்த நிறமெல்லாம் மணி மருந்து என்கிற சின்னச் சின்ன உருண்டையில்தான் இருக்கிறது. அதை ஈரமாக உருட்டி, தட்டில் பரப்பி, திறந்தவெளி மேடையில் வெயிலில் வைப்போம். காய்ந்துவிட்டது என்று உடனே அள்ளிவிடக் கூடாது. வெயில் குடித்த சூடு முழுக்க இறங்க வேண்டும். சூட்டோடு குவித்தால் ஒன்றின் சூட்டை ஒன்று ஏற்றிக்கொண்டு, குவியலே தானாகப் பற்றிக்கொள்ளும். ஆறிவிட்டதா என்று பார்க்க எங்களிடம் கருவி கிடையாது. புறங்கைதான். தட்டில் புறங்கையை வைத்து, "ஆறிருச்சு, அள்ளுங்க" என்று என் தங்கச்சி சொன்னால்தான் மற்றப் பெண்கள் தட்டைத் தொடுவார்கள். அந்தக் கை அதுவரைக்கும் தப்பியதில்லை. என் கைக்கு அடுத்தபடி அந்தக் கைதான் என்று நானே சொல்வேன்.

அன்றைக்கு மத்தியானம் சாய்ந்த நேரத்தில் மேற்கே கருக்கலிட்டு வந்தது. ஆபீஸ் அறையிலிருந்து மேடைக்கு ஓடினேன். மழைக்கு முன்னால் அள்ளவும் வேண்டும், சூடு இறங்காமல் அள்ளவும் கூடாது. போய்ப் பார்த்தால் தங்கச்சி சொல்லிவிட்டாள் போல. இரண்டு பெண்கள் தட்டுத் தட்டாக எடுத்து அட்டைப் பெட்டியில் சாய்த்துக்கொண்டிருந்தார்கள்.

பக்கத்துத் தட்டில் என் புறங்கையை வைத்தேன். சுட்டது.

"ஏத்தா, சுடுதே! யாரு அள்ளச் சொன்னா?"

"நாந்தான் சொன்னேன். எங்கன சுடுது? குளுந்து போயிக் கெடக்கு."

"நல்லாத் தொட்டுப் பாரு."

மறுபடி வைத்தாள். முகத்தில் துளி சந்தேகம் இல்லை. "பச்சத் தண்ணி கணக்கா இருக்கு. உங்க கை ஃபேன் காத்துல இருந்த கைண்ணே. இனிமே எதத் தொட்டாலும் உங்களுக்குச் சுடத்தான் செய்யும்."

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. அவள் சொல்வது சரியாகவும் இருக்கலாம். நான் முதலாளியாகிக் கை பூஞ்சையாகிவிட்டதோ? இடி உறுமியது. "மழை வந்துரும், ம்ம், சாய்ங்க" என்று அவளே ஒரு தட்டைத் தூக்கினாள். தூக்கின கை நடுங்கியது.

அந்த மணிக்கட்டைப் பிடித்தேன். கொதித்தது. தட்டில் இருந்த சூட்டுக்குக் குறைவில்லாத சூடு.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இத்தனை காய்ச்சலோடு இருக்கிற கைக்கு, எது குளிராது?

"தட்ட அப்படியே வையி. எல்லாரும் எறங்குங்க! பெட்டியத் தொடாதீக. செருப்ப அப்புறம் எடுக்கலாம், ஓடுங்க!"

மருந்து இருக்கிற இடத்தில் வெறுங்கால்தான். எல்லாச் செருப்பும் மேடைக்கு வெளியே கிடந்தன. ஒருத்தரும் அதைப் பார்க்கவில்லை. சரளைக் கல்லில் ஓடினார்கள். தங்கச்சி மட்டும் நகரவில்லை.

"லோடு போயிரும்ணே. நனைஞ்சா எதுக்கு ஆகும்?"

"போகட்டும்."

"காலைலயே மாத்திரை போட்டேன், விட்டுருச்சு. நான் படுத்தா இந்த மேடையும்ல படுத்துரும். வேற யாரு இருக்கா உங்களுக்கு?"

அவள் கையை இழுத்துக்கொண்டு, வேலியோரம் நின்ற வேப்பமரம் வரைக்கும் நடந்தேன். ஓட அவளுக்கு மூட்டு மடங்கவில்லை. நடந்த அத்தனை நேரமும் முதுகில்தான் எனக்குக் காது இருந்தது.

மழை பிடித்துக்கொண்டது. அந்தப் பெட்டி மேடையில் இருந்தது. சூட்டோடு குவிந்த மணியில் தண்ணீர் பட்டால் அது வேறு வினை. உள்ளுக்குள்ளேயே பொங்கிச் சூடேறும். எப்போது என்று சொல்ல முடியாது. அட்டை நனைந்து, ஒரு மூலை தொய்ந்து, பெட்டி மெல்ல ஒரு பக்கமாகச் சாய்ந்தது. புகை மாதிரி ஏதோ தெரிந்தது. மழைத் தூற்றலாகவும் இருக்கலாம். ஒரு பெண் மாரியாத்தாளைக் கூப்பிட்டாள். இன்னொருத்தி, "சத்தம் போடாதக்கா" என்று அதட்டினாள், ஏதோ சத்தத்துக்குத்தான் அது காத்திருக்கிற மாதிரி. தங்கச்சி என் தோளில் சாய்ந்து கிடுகிடுவென்று நடுங்கினாள். அந்த நடுக்கத்திலும், "ஒண்ணும் ஆகலேல்ல? ஆறித்தான் இருந்துச்சுண்ணே" என்று முனகினாள்.

இருட்டும் வரை ஒன்றும் ஆகவில்லை. வெடித்திருந்தால்கூட மனசு ஒரு பக்கம் அடங்கியிருக்கும். காவல்காரரைத் தவிர எல்லோரையும் வேனில் அனுப்பிவிட்டு, அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். டாக்டர் நாக்குக்கு அடியில் வைத்த கண்ணாடிக் குச்சியைப் பார்த்துவிட்டு, "இதோட எப்படிம்மா வேலை பாத்தீங்க?" என்று கேட்டார். "வேலை பாக்கவா விட்டாரு எங்க அண்ணன்? நல்ல சரக்கத் தண்ணிக்குக் குடுத்துட்டாரு" என்று அவரிடமே என்னைப் பற்றிப் புகார் சொன்னாள்.

மறுநாள் காலையில் கம்பெனிக்குப் போனதும் ஒரு சட்டம் போட்டேன். சர்க்கார் புத்தகத்தில் இல்லாத சட்டம், நானே யோசித்துப் போட்டது. இனிமேல் தட்டைத் தொடுவதற்கு முன்னால் ஒருத்தர் கழுத்தை இன்னொருத்தர் தொட்டுப் பார்க்க வேண்டும். கழுத்து சுட்டால் மேடை ஏறக் கூடாது. நானானாலும் சரிதான் என்று வீறாப்பாக ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னேன்.

முந்தின நாள் தட்டுச் சாய்த்த பெண்களில் மூத்தவள் தயங்கித் தயங்கிக் கிட்டே வந்தாள். என் கழுத்தில் புறங்கையை வைத்தாள். வைத்ததும் எடுத்துக்கொண்டாள்.

"மொதலாளி, கோவிச்சுக்கிடாதீக. உங்களுக்கும் சுடுது. வெளிய போயிருங்க."

நான் கட்டின கம்பெனியின் கேட்டுக்கு வெளியே நான் போய் நின்றேன். முழங்காலில் வலி குத்தியது. யோசித்துப் பார்த்தால் அந்த வலி முந்தின நாள் மத்தியானத்திலிருந்தே இருந்தது, ஓட்டத்தில் கவனிக்கவில்லை. அப்படியானால் நான் தட்டில் வைத்ததும் காய்ச்சல்காரக் கைதான். அந்தக் கைக்கே சுட்டதென்றால், அந்த மணி உண்மையில் எவ்வளவு சூட்டில் இருந்திருக்கும்? கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு மேடைப் பக்கம் பார்த்தேன். பெட்டி நனைந்து உட்கார்ந்த இடத்தில் அப்படியே இருந்தது.

"யாரும் கிட்டப் போகாதீக!" என்று வெளியிலிருந்தே கத்தினேன்.