மிச்சத் தண்ணீர்க்காரர்

என் வீட்டுக்காரருக்கு ஊர் வைத்த பெயர் தவளை. வருடத்தில் முக்கால்வாசி நாள் முழங்கால் வரை தண்ணீரில் நிற்கிற ஆளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? கல்யாணத்தன்று என் அக்கா என் காதோடு, "தவளைக்கு வாக்கப்பட்டுட்ட, இனி வாய்க்கால்லதான் குடித்தனம்" என்றாள். அவள் வாக்கு பாதி பலித்தது. எங்கள் வீடு வாய்க்காலின் கடைக்கோடியில் இருந்தது.

அவர் மடைக்காரர். ஆற்றிலிருந்து பிரிகிற அந்த வாய்க்காலில் இருபத்திரண்டு குடும்பங்களுக்குத் தண்ணீர் உரிமை. யாருக்கு எந்த நாள், எத்தனை மணி நேரம் என்பதற்கு முறை என்று பேர். முறை வந்தவர் நிலத்துக்குப் பலகையைத் தூக்கித் திறந்துவிட வேண்டும், நேரம் முடிந்தால் இறக்கி மூட வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் அண்ணன் தம்பி பாகம் பிரிந்தபோது அரை மணி யாருக்குப் போனது, மகளுக்குக் கொடுத்த முக்கால் மணி திரும்பி வந்ததா இல்லையா, எல்லாம் அவர் தலைக்குள்தான் இருந்தது. மண்வெட்டியை ஓங்கிக்கொண்டு நிற்பவர்கள் நடுவில் போய்க் காதைச் சொறிந்துகொண்டே, "உனக்கு இன்னும் பதினோரு நிமிஷம் இருக்கு, சண்டை போட்டே ஏழு போயிடுச்சு" என்பார். மண்வெட்டிகள் இறங்கிவிடும்.

அந்த வாய்க்காலில் மடைக்காரருக்கு மட்டும் முறை கிடையாது. தனக்கென்று முறை வைத்துக்கொண்டவன் கண் தன் வயலில்தான் இருக்கும் என்பது என் மாமனார் பேச்சு. அவரும் மடைக்காரர்தான். வாரக் கடைசியில் தலைமதகை மூடிய பிறகு வாய்க்காலுக்குள் தேங்கி நிற்கிற தண்ணீர் தானாக வடிந்து கடைக்கோடிக்கு வரும். அந்த மிச்சத் தண்ணீர் மடைக்காரர் வீட்டுக்கு. அதுதான் கூலி, அதுதான் கௌரவம். இருபத்திரண்டு பேரும் குடித்த பிறகு குடிக்கிறவரை யார் திருடன் என்று சொல்ல முடியும்?

அந்த மிச்சத்தில் நாற்பத்து மூன்று எலுமிச்சை மரங்களை வளர்த்தார். என் மூத்தவள் நடக்கப் பழகின வருடம் நட்டது. மிச்சத் தண்ணீர் வருகிற நாளில் ஒவ்வொரு மரத்தடியிலும் பாத்தியை வெட்டித் திருப்பி, நிறைந்ததும் அடைத்து, அடுத்ததுக்குப் போவார். முதல் மரத்திலிருந்து கடைசி வரை ஒரே வரிசை, ஒரு மரத்தைத் தாண்ட மாட்டார். வீட்டுக்கு வந்ததும் கையை நீட்டுவார். நான் ஊசியால் முள் எடுப்பேன். அவர் அன்றைக்கு யார் யாரை எப்படித் திட்டினார்கள் என்று நடித்துக் காட்டுவார். சிரித்துச் சிரித்து எனக்கு ஊசி தவறும். அதற்கும் என்னைத்தான் கேலி செய்வார்.

பிறகு மழை பொய்த்தது. ஒரு வருடம் இல்லை, தொடர்ந்து மூன்று வருடம். ஆறு மெலிந்து நடுவில் ஒரு கோடாய் ஓடியது. நகரத்தில் குழாய்கள் காய்ந்தன. சாயப்பட்டறைக்காரர்களும் தண்ணீர் கேட்டார்கள். அப்போதுதான் புதுச் சட்டம் வந்தது. முதலில் குடிக்க, அடுத்தது பயிருக்கு, அப்புறம் பட்டறைக்கு. பயிருக்கு உரிமை உள்ளவர்கள் தொண்ணூறு நாளைக்குள் தங்கள் மணிக்கணக்கைப் பதிய வேண்டும். பதியாத தண்ணீர் நகரத்துத் தொட்டிக்குப் போய்விடும்.

சட்டம் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். நகரத்திலும் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் தாகம் எடுக்கும். அவரும் அதையேதான் சொன்னார். முறை உள்ளவர்களில் ஒருவரான மேட்டுத் தோட்டத்துக்காரர் ஆளைத் திரட்டிக்கொண்டு மதகை உடைக்கப் புறப்பட்டபோது வழியில் உட்கார்ந்துகொண்டு, பதிந்துவிட்டால் நம் தண்ணீரை யாரும் தொட முடியாது என்று பேசிப் பேசித் திருப்பி அனுப்பினார். பதினோரு நாள் பதிவு அலுவலகத்தில் போய் நின்று, இருபத்திரண்டு வீட்டு மணிக்கணக்கையும் வாயால் சொல்லி எழுத வைத்தார். தன் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறந்து அல்ல. சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை. முறை இல்லாதவர் முறையைப் பதிவது எப்படி?

அதன் பிறகு பதிந்ததைச் சரிபார்க்க அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வீடு வீடாக வந்தாள். அளவுக்காரப் பெண், என் இளையவள் வயதிருக்கும், செருப்பெல்லாம் சேறு. அவர் மடையில் இருந்தார், நான்தான் வீட்டில். உங்கள் முறை எத்தனை மணி என்று கேட்டாள். எங்களுக்கு முறை கிடையாது, இது மடைக்காரர் வீடு, மிஞ்சினால் எடுத்துக்கொள்வோம் என்றேன். அவள் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஒரு மணி நேரம்கூட இல்லையாம்மா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

அவள் எனக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டாள் என்று இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு அவள் எங்களைத் திருடர் என்கிறாள் என்றுதான் என் புத்தியில் பட்டது. விறைத்துக்கொண்டு சொன்னேன்.

"ஒரு நிமிஷம்கூட இல்ல. யார்கிட்ட வேணா போய்க் கேளு."

அவள் எழுதினாள், எழுதியதை இரண்டு தடவை படித்துக் காட்டினாள். நான் கட்டைவிரலை அழுத்திக் கொடுத்தேன். சாப்பிடும்போது அவரிடம் பெருமையாகச் சொன்னேன். "சரியாத்தான் சொல்லியிருக்க" என்றார்.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். எங்கள் வீட்டில் தவளை வாயைத் திறக்கவே இல்லை. கெடுத்தது என் வாய்.

பட்டியல் வந்தது. இருபத்திரண்டு பெயர். பலகை மடைகளை எடுத்துவிட்டு இரும்புச் சக்கரமும் பூட்டும் வைத்தார்கள். வாய்க்காலின் கடைக்கோடியில், எங்கள் வரப்புக்கு இரண்டடி முன்னால், பெரிய குழாயைப் பதித்து மிச்சத்தையெல்லாம் நகரத்துக்குத் திருப்பினார்கள். அந்தக் குழாய்க்கும் ஒரு சக்கரம். சாவி அவர் கையில். வேலையை அவருக்கே கொடுத்திருந்தார்கள், அவரைப் போல நேரம் தெரிந்தவர் வேறு யார்? வாரம் ஒருமுறை தன் மரங்களின் தண்ணீரைத் தன் கையாலேயே திருப்பிவிட்டு வீட்டுக்கு வந்தார்.

முதல் கோடையில் இலை சுருண்டது. பாத்திரம் கழுவிய தண்ணீர், குளித்த தண்ணீர், எல்லாவற்றையும் சுமந்து ஊற்றினோம். நாற்பத்து மூன்று மரத்துக்கு அது எந்த மூலைக்கு? மேட்டுத் தோட்டத்துக்காரர் ஒரு நாள் வந்தார். என் முறையில் பத்து நிமிஷம் முன்னாலேயே மூடு, கீழே வருவதை எடுத்துக்கொள், நான் பார்க்கவில்லை என்றார். நல்ல மனுஷன். உரிமையைக் கைமாற்றச் சட்டத்தில் இடமில்லாததால் அப்படிச் சொன்னார். என் வீட்டுக்காரர் தலையாட்டி மறுத்துவிட்டார். நான் அன்றைக்கு அவரைப் பேசாத பேச்சில்லை. சாவி உங்கள் கையில்தானே, மரம் சாவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறீர்களே, நீங்கள் மனுஷனா கல்லா என்றேன்.

"மதகை உடைக்கப் போனவங்களை நான்தானே திருப்பினேன்" என்றார். "இப்ப நானே திருடினா, நாளைக்கு எந்த முகத்தோட மூடுவேன்?"

மிச்சத் தண்ணீரைப் பதியச் சொல்லி மனுக் கொடுத்தோம். விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். மேசைக்குப் பின்னால் வயதான அதிகாரி, இரக்கம் உள்ள ஆள். என் வாக்குமூலத்தை எடுத்துப் பார்த்தார். குறுக்கே இதுதான் நிற்கிறது என்றார். பிறகு குரலைத் தணித்து என்னிடம் கேட்டார்.

"உங்களுக்குப் படிக்கத் தெரியாது. இதை யாரும் படிச்சுக் காட்டலன்னு சொன்னீங்கன்னா, இது செல்லாது. வேற எழுதிக்கலாம். படிச்சுக் காட்டினாங்களா?"

அளவுக்காரப் பெண் சுவரோரம் நின்றிருந்தாள். படித்துக் காட்டவில்லை என்று நான் சொன்னால் அவள் வேலை போகும், அதைவிட அவள் பொய்க்காரி ஆவாள். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். சொல் என்றும் இல்லை, சொல்லாதே என்றும் இல்லை. நாற்பது வருடக் குடித்தனத்தில் அப்படி என்னைத் தனியாக விட்டது அந்த ஒரு தடவைதான்.

"படிச்சுக் காட்டினா. ரெண்டு தடவை" என்றேன்.

திரும்பி வரும்போது பேருந்தில் அவர் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். நாலு பேர் பார்க்க அப்படிச் செய்கிற ஆள் இல்லை. திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

இரண்டாம் கோடையில் மரங்கள் போயின. வரிசையாகச் சாகவில்லை, அங்கொன்றும் இங்கொன்றுமாக. ஒன்று செத்துவிட்டது என்று விட்ட பிறகு ஒரு கிளையில் துளிர்விட்டு, நாங்கள் குடம் குடமாகச் சுமந்த பிறகு மறுபடி காய்ந்தது. அதுதான் அவரை உடைத்தது. அவரே வெட்டினார், வேறு யாரையும் கோடாலி தொட விடவில்லை. வெட்டிய வாரத்தில் கையை நீட்டவில்லை, முள்ளோடேயே தூங்கினார். ஊரில் நடந்ததைச் சொல்வதும் நின்றுபோனது.

நாலு வருடம் கழித்துச் சட்டத்தைத் திருத்தினார்கள். எங்களைப் போல எத்தனையோ வாய்க்கால்களில் எத்தனையோ மடைக்காரர்கள் பட்டியலில் விட்டுப்போயிருக்கிறார்கள். எல்லோரும் எழுதிப் போட்டு, அந்த அளவுக்காரப் பெண்ணும் எழுதிப் போட்டு, மிச்சத் தண்ணீரும் ஒரு முறைதான் என்று ஒப்புக்கொண்டார்கள். அவளே காகிதத்தைக் கொண்டுவந்தாள். வாரம் ஒன்றரை மணி நேரம், அவர் பெயரில். பரம்பரையில் முறை உள்ள முதல் மடைக்காரர் அவர். அவள் அழுதாள். அவர் அவளுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்து, உட்காரச் சொன்னார்.

அந்த வாரம் விடிந்ததும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார். நான் பின்னாலேயே போக ஆசைப்பட்டேன், வேண்டாம் என்றார். அரை மணி நேரத்தில் திரும்பிவிட்டார். கால் நனைந்திருந்தது, மண்வெட்டியில் மண் இல்லை.

"நேரம் முடிஞ்சிடுச்சா?" என்று கேட்டேன்.

"இருக்கு, இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு" என்றார். "எந்தப் பக்கம் திருப்புறதுன்னு தெரியல. குழாய்ல விட்டுட்டு வந்துட்டேன்."

அதன் பிறகு வாரா வாரம் அப்படித்தான். தன் நேரம் வந்ததும் போவார், சக்கரத்தை நகரத்துப் பக்கம் திருப்புவார், ஒன்றரை மணி நேரமும் பக்கத்திலேயே நின்று பார்த்துவிட்டு வருவார். இரண்டு வருடம் முன்பு அவர் கண் மூடுகிற வரைக்கும் ஒரு வாரம் தவறவில்லை.