பெண் பார்க்க வந்த கூட்ஸ் வண்டி

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. தூத்துக்குடியில், சரக்குப் பெட்டகங்களை அனுப்பிவைக்கும் ஓர் அலுவலகத்தில் வேலை. கப்பலிலிருந்து இறங்கிய பெட்டகம் எந்த ரயிலில் ஏறியது, எந்த லாரிக்கு மாறியது, எங்கே நின்றுபோனது என்று நாள் முழுக்கக் கணினித் திரையில் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு வண்டி அசையாமல் நின்றால் அலுவலகத்தில் எல்லோரும் போனை எடுப்பார்கள். எனக்கு மட்டும், அது யார் வீட்டுப் புறவாசலில் நிற்கிறதோ என்று ஒரு நினைப்பு வந்து போகும்.

எங்கள் வீடு ஆரல்வாய்மொழிப் பக்கம், ரயில் பாதையை ஒட்டி இருந்தது. நான் சிறுமியாக இருந்தபோது ஒற்றைப் பாதைதான். எதிரே எக்ஸ்பிரஸ் வருகிறதென்றால் கூட்ஸ் வண்டிதான் ஸ்டேஷனின் ஓரப் பாதையில் ஒதுங்கி நிற்க வேண்டும். அப்படி ஒதுங்கினால் அதன் நடு உடம்பு லெவல் கிராசிங் கேட்டை அடைத்துக்கொள்ளும். வால் எங்கள் புறவாசல் வரை நீளும். ஊர் இரண்டாகிவிடும். சரக்குக்கு அவசரமில்லை என்று எங்கோ யாரோ முடிவு செய்திருந்தார்கள். அதனால் எங்களுக்கும் அவசரமில்லை என்று ஆயிற்று. அவசரமுள்ளவர்கள் இரண்டு பெட்டிகளுக்கு நடுவே குனிந்து நுழைந்து போவார்கள். கேட் கீப்பர் வைதுகொண்டே இருப்பார்.

அத்தை, அப்பாவின் ஒரே தங்கை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். முந்திரிக்கொட்டை உடைக்கும் தொழிற்சாலைக்கு, எங்கள் பேச்சில் அண்டி ஆபீசுக்கு, தினமும் கம்பெனி வேனில் போய்வந்தாள். கொட்டையின் பால் பட்டுப்பட்டு அவள் விரல்கள் கறுத்திருந்தன. அந்தக் கையைப் பார்த்தே இரண்டு இடம் தட்டிப்போயிற்று. மூன்றாவதாக வந்தவர் வள்ளியூர்க்காரர். சொந்த லாரியில் வாழைக்குலை ஏற்றிக் கேரளத்துக்கு ஓட்டுகிறவர். கையைப் பற்றி அவர்களுக்கு ஒன்றுமில்லை, கல்யாணத்துக்குப் பிறகு பெண் வேலைக்குப் போகக்கூடாது, அது ஒன்றுதான் என்று தரகர் சொல்லியிருந்தார். அப்பாவுக்கு அதில் பெருமை தாங்கவில்லை. இனி என் தங்கச்சி இருந்த இடத்தில் இருந்து சாப்பிடலாம் என்று கண்டவர்களிடமெல்லாம் சொன்னார். அத்தையிடம் யாரும் கேட்கவில்லை.

அது ஆனி மாத ஞாயிற்றுக்கிழமை. கணவாய்க் காற்று கூரை ஓட்டைப் பிய்த்துக்கொண்டிருந்தது. சாயந்தரம் ராகுகாலம், அதற்கு முன்னால் அவர்கள் வந்து பெண்ணைப் பார்த்துவிட வேண்டும். அம்மா முந்திரிக்கொத்து சுட்டு, அச்சுமுறுக்கு அடுக்கி, அத்தைக்குத் தன் கல்யாணப் பட்டை உடுத்திவிட்டாள். தலை நிறையப் பிச்சிப்பூ. தட்டை எப்படிப் பிடித்தால் விரல் தெரியாது என்று பழக்கிக்கொடுத்தாள்.

மாப்பிள்ளை வீட்டு வேன் கேட்டின் அந்தப் பக்கம் வந்து சேர்ந்ததும், கூட்ஸ் வண்டி வந்து நின்றதும் ஒரே நேரம்.

முதலில் யாருக்கும் கவலையில்லை. இப்போது எடுத்துவிடுவான் என்றார் அப்பா. எக்ஸ்பிரஸ் வந்தது, போயிற்று. கூட்ஸ் அசையவில்லை. அப்பா வெளுத்த வேட்டியோடு பெட்டிகளுக்கு நடுவே நுழைந்து அந்தப் பக்கம் போனார். திரும்பும்போது வேட்டியில் கையகலத்துக்குக் கறுப்பு மசகு. மாப்பிள்ளை நல்ல மாதிரி, குனிந்து வரத் தயாராகத்தான் இருந்தாராம். அவருடைய அம்மாதான் வேனை விட்டு இறங்கவில்லை.

"பொண்ணெடுக்கப் போற எடத்துல குனிஞ்சா நுழைவாவ? நாளப்பின்ன காலம் பூரா குனியணும்."

சரி, வாலைச் சுற்றி நடந்து வரலாமே என்றால், அங்கே முள்காடு. பட்டுச்சேலையோடு முள்ளில் சுற்றி வருவதும் அவர்கள் வழக்கமில்லையாம். வேறு சாலையில் சுற்றி வரலாம் என்றார் வேன்காரர். போகிற நேரத்தில் வண்டியை எடுத்துவிட்டால் என்ன செய்வது என்று எல்லோரும் சேர்ந்து அவரை அடக்கினார்கள். அப்பா பலகாரத்தையும் சாயாவையும் பெட்டிகளுக்கு நடுவே கொண்டுபோனார். பெண்ணைத் தவிர மற்றதெல்லாம் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது.

பெட்டிகளில் ஆந்திரா அரிசி என்று கேட் கீப்பர் சொன்னார். "நெல்லு வெளையுற நாட்டுக்கு அரிசி வருது, அதுவும் நடுரோட்டுல நிக்கி. நான் கொடியத்தான் ஆட்ட முடியும் ஓய், வண்டியத் தள்ள முடியுமா?" என்று அப்பாவிடம் கேட்டார்.

செய்தி கொண்டுபோவது என் வேலை. கேட்டுக்கும் வீட்டுக்குமாக ஓடினேன். ஒவ்வொரு தடவையும் அத்தை ஒரே கேள்விதான் கேட்டாள். "மக்கா, வண்டி கெளம்பிச்சா?" இல்லை என்பேன். அவள் ஒரு முந்திரிக்கொத்தை எடுத்துக் கடிப்பாள். எனக்கு அழுகை வந்தது. மனக்கஷ்டத்தில்தான் இப்படித் தின்கிறாள் என்று நினைத்தேன். "ஏட்டி, வந்தவங்களுக்கு மிஞ்சாதுட்டி" என்றாள் அம்மா. "வரட்டும் மைனி, பாக்கலாம்" என்றாள் அத்தை, வாய் நிறைய.

ராகுகாலம் பிறந்தது. மாப்பிள்ளையின் அம்மா, இது நல்ல சகுனமில்லை என்று சொல்லி வேனைத் திருப்பச் சொல்லிவிட்டாள். மாப்பிள்ளை மட்டும் பெட்டிகளின் இடைவெளியில் எங்கள் வீட்டுப் பக்கம் கொஞ்ச நேரம் எட்டிப் பார்த்துவிட்டு ஏறினார். அப்பா கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டார்.

நான் ஓடிவந்து சொன்னேன். அத்தை அடுக்களைக்குப் போனாள். மிஞ்சிய சாயாவைச் சூடாக்கித் தூக்குவாளியில் ஊற்றி, நாலு முந்திரிக்கொத்தைக் காகிதத்தில் பொதிந்து என்னிடம் தந்தாள்.

"கடைசிப் பெட்டியில கார்டு இருப்பாரு. குடுத்துட்டு வா."

"அவருக்கு எதுக்கு அத்தே?"

"பாவம், எவ்வளவு நேரமா நிக்காரு."

கார்டு நரைத்த மனிதர். காற்றில் படபடக்கும் சட்டையோடு படியில் உட்கார்ந்திருந்தார். யார் கொடுத்துவிட்டது என்றார். அத்தை என்றேன். எதற்கு என்றார். தெரியாது என்றேன். புறவாசலில் பட்டுச்சேலையோடு நின்ற அத்தையை அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு கண்ணை மூடிச் சாயாவைக் குடித்தார். தூக்கை என்னிடம் தந்துகொண்டிருக்கும்போதே தூரத்தில் எஞ்சின் ஊதியது. பச்சைக் கொடியை விரித்தார்.

வண்டி ஏன் நின்றது என்பது இந்த வேலைக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஓட்டுநரின் வேலை நேரம் முடிந்துபோனால் அவர் இறங்கிவிடலாம்; மாற்று ஆள் வந்து சேரும்வரை வண்டி நிற்கும். இப்போது எங்கள் ஊரில் இரட்டைப் பாதை. கேட் இருந்த இடத்தில் மேம்பாலம். யாரும் குனிய வேண்டாம், யாரும் காத்திருக்கவும் வேண்டாம். நான் எட்டாம் வகுப்பு படிக்கும்போது, வேலைக்குப் போவதில் ஆட்சேபம் இல்லை என்றவரை அத்தை கட்டிக்கொண்டாள். அதுவரை என் பள்ளிக்கூட வேனுக்குப் பணம் கொடுத்தது அந்தக் கறுத்த கைதான். ஆப்பிரிக்காவிலிருந்து முந்திரிக்கொட்டை வரும் பெட்டகங்களை இன்று நான்தான் அனுப்பிவைக்கிறேன் என்று அவளிடம் சொன்னபோது, "நல்ல கொட்டையாப் பாத்து அனுப்புட்டி, போன லோடு பூராச் சொத்தை" என்றாள்.

அன்றைக்குக் காலித் தூக்கோடு திரும்பி வந்தபோது அத்தை புறவாசல் படியில் உட்கார்ந்து, கடைசிப் பெட்டி வளைவில் மறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பக்கத்தில் இழுத்து, தன் தலையிலிருந்த பிச்சிப்பூவைக் கழற்றி என் தலையில் வைத்தாள்.

"இந்த வண்டி இனியும் வருமாட்டி?"

பயந்துபோய்க் கேட்கிறாள் என்று நினைத்தேன். அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"வராது அத்தே. நீ பயப்படாத."