பாஸ்டரம்மாவின் திருத்தங்கள்

"கதவைத் திறந்தேன். வாசலில் சிங்கம்!" என்று பாஸ்டர் மனுவேல் இரண்டு கைகளையும் அகல விரித்தார். அந்த நொடியே முன் பெஞ்சிலிருந்து ஒரு செருமல் கேட்டது.

"கழுதைப்புலிங்க," என்றார் அவர் மனைவி எப்சிபா. "அதுவும் வாசல்ல இல்லைங்க. எங்கியோ தூரத்துல ஊளைதான் கேட்டுச்சு."

பந்தலூர் சபை குலுங்கிச் சிரித்தது. பாஸ்டர் விரித்த கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் தண்ணீர் டம்ளரை எடுத்துக்கொண்டார்.

ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டில் எட்டு வருஷம் ஊழியம் செய்துவிட்டு, இருவரும் மூன்று மாத லீவில் வந்திருக்கிறார்கள். ஞாயிறுதோறும் ஒரு சபையில் பாஸ்டர் அறிக்கை சொல்வதும், முன் பெஞ்சிலிருந்து எப்சிபா அதைத் திருத்துவதும் வழக்கமாகிவிட்டது. மஞ்சூரில் பாஸ்டர் "இருண்ட கண்டம்" என்று ஆரம்பித்தார். "அஞ்சரைக்கே பளபளன்னு விடிஞ்சிருமுங்க," என்று குரல் வந்தது. கோத்தகிரியில் "திரள் திரளாக மக்கள்" என்றார். "எழுபது பேருங்க. ஆட்டுக்கறி போட்டா நூறு வரும்."

எப்சிபாவுக்கு நாற்பத்தாறு வயது. பந்தலூர் எஸ்டேட் லயத்தில் பிறந்து, கல்யாணம் ஆகும்வரை கொழுந்து பறித்தவர். இலை நிறுக்கும் தராசின் முன்னால் பத்து வருஷம் நின்ற பழக்கமோ என்னவோ, முள் எந்தப் பக்கம் பொய்யாகச் சாய்ந்தாலும் அவருக்குப் பொறுக்காது. வெயில் நாட்டிலிருந்து வந்ததால் சொந்த ஊர்க் குளிரே இப்போது ஒத்துக்கொள்வதில்லை. சேலைக்கு மேல் பூப்போட்ட மலாவித் துணி, அதற்கு மேல் ஸ்வெட்டர், அதற்கும் மேல் அண்ணனின் ஸ்வெட்டர். ரேஷன் கடையில் அரிசியை வாங்கிக்கொண்டு "ஸிக்கோமோ" என்று மலாவி பாஷையில் நன்றி சொல்வார். ஏதோ சாமான் கேட்கிறார் என்று நினைத்து, கடைக்காரர் கருப்பட்டியா, கற்பூரமா என்று தேட ஆரம்பிப்பார்.

இந்த முறை பாஸ்டரின் சிங்கத்துக்குக் காரணம் இருந்தது. அவர்களைத் திரும்பவும் மலாவிக்கு அனுப்புவதா, அந்த ஊழியத்தையே மூடிவிடுவதா என்று வியாழக்கிழமை குன்னூரில் மிஷன் கமிட்டி கூடுகிறது. எட்டு வருஷத்துக்கு எழுபது பேர் போதாது என்று சிலர் பேசிக்கொண்டிருந்தார்கள். புதன்கிழமை பாஸ்டர் மனைவியிடம் கெஞ்சிக் கேட்டுக்கொண்டார்.

"நாளைக்கு ஒரு நாள் மட்டும் வாயைத் தொறக்காத எப்சி. அங்க நம்ம சனம் காத்துக்கிட்டு இருக்குது."

"சரிங்க. நீங்க சிங்கத்தைத் தொறக்காம இருந்தா, நானும் வாயைத் தொறக்கலை."

ஆனால் கமிட்டியில் ஏழு பேர் வரிசையாக உட்கார்ந்து உற்றுப் பார்த்ததும் பாஸ்டருக்கு வியர்த்துவிட்டது. மூன்றாவது நிமிஷத்தில் சிங்கம் வந்தது. வரும்போது குட்டியையும் கூட்டிக்கொண்டு வந்தது. எப்சிபா முந்தானை நூலைப் பிரித்தபடி குனிந்தே இருந்தார். செயலாளர் கருணாகரன் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏனுங்கம்மா, இந்தச் சிங்கம் நிசந்தானுங்களா?"

"பேசக்கூடாதுன்னு சொல்லியிருக்காருங்க."

ஏழு பேரும் சிரித்தார்கள். பாஸ்டர் கூரையைப் பார்த்தார்.

"நான் கேக்கறேன், சொல்லுங்க. அங்க தினமும் என்னதான் பண்றீங்க?"

எப்சிபா எழுந்து நின்றார். "அங்கயும் தேயிலைக் காடுதானுங்க. பொம்பளைங்களுக்குச் சர்ச்சுக்கு வர நேரமில்ல. அதனால காலையில நானே கூடையைக் கட்டிக்கிட்டு அவங்க கூடப் போயிருவேன். என் கை வேகத்தைப் பாத்துட்டு கங்காணி எனக்கு வேலையே தர்றேன்னாரு. பறிச்சுக்கிட்டே பேசுவோம், பாடுவோம். இவரு முதல் நாள் பிரசங்கத்துல, 'நான் உங்கள் மேய்ப்பன்'னு சொல்லணும். அது அந்தப் பாஷையில ம்புசா. இவரு ம்புசின்னுட்டாரு. அப்படின்னா ஆடு. 'நான் உங்கள் புதிய ஆடு, ஆண்டவர் அனுப்பினார்'னு அரை மணி நேரம் பேசினாருங்க."

கருணாகரன் வாயைப் பொத்திக்கொண்டார்.

"சிங்கமெல்லாம் கிடையாதுங்க. எங்க ஊர்ல வாசல்ல ஆனை வந்து நிக்கும், சிறுத்தை நாயைத் தூக்கிட்டுப் போகும்னு நான் சொன்னதுக்கு அவங்கதான் நடுங்கிட்டாங்க. நாங்க லீவுக்குக் கிளம்பறப்ப ஒரு நாள் உபவாசம் இருந்தாங்க. 'அந்தப் பயங்கரமான தேசத்துக்குப் போகாதீங்க'ன்னு ஒரே அழுகை. இப்பவும் பந்தலூருக்காக அங்க ஜெபம் நடக்குதுங்க."

சிரிப்பு அடங்கச் சற்று நேரமாயிற்று. அவர் உட்காரவில்லை.

"இன்னொண்ணும் இருக்குதுங்க. மூணு வருஷத்துக்கு முன்னாடி பெருமழையில மலை சரிஞ்சுது. மண்ணு சரிஞ்சா என்னாகும்னு இங்க யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. இவரு மூணு நாள் கையாலயே சேத்தைத் தோண்டினாருங்க. நகமெல்லாம் போயிருச்சு. பதினோரு பேரை உசிரோட எடுத்தாங்க. மூணாவது நாள் எஸ்தர்னு ஒரு அம்மாவை எடுத்தாரு. இவருக்கு அந்தப் பாஷை சொல்லிக் கொடுத்தவங்க. ஆடுன்னதுக்கு முதல்ல சிரிச்சவங்களும் அவங்கதான். உசிரு இல்லைங்க."

"எப்சி, போதும்," என்றார் பாஸ்டர்.

"இதை இவரு எந்த மேடையிலயும் சொன்னதில்லைங்க. வாயெடுத்தா அழுகை வந்துரும். அதனாலதான் சிங்கத்தைக் கூட்டிட்டு வர்றாரு. எழுபது பேருன்னு கணக்குப் பாக்கறீங்க. தப்பில்லைங்க. அந்த எழுபது பேர்ல பதினோரு பேரு இவரும் சேர்ந்து தோண்டி எடுத்தவங்க. எங்களை அனுப்பலைன்னா, ஏன் வரலைன்னு அவங்களுக்கு யாரு போய்ச் சொல்றது?"

இருவரையும் வெளியே காத்திருக்கச் சொன்னார்கள். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. கருணாகரனே கதவைத் திறந்துகொண்டு வந்தார்.

"அஞ்சு வருஷத்துக்குப் போட்டிருக்கோமுங்க. அந்தச் சபைக்கு ஒரு கடுதாசியும் எழுதித் தர்றோம், கையோட கொண்டு போய்க் குடுங்க." பாஸ்டரின் கையைப் பிடித்தவர், விரல்களை ஒரு தரம் குனிந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

படியிறங்கியதும் பாஸ்டர் மலைப் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டார். தோள் லேசாகக் குலுங்கியது. எப்சிபா அருகில் போனார்.

"பனி," என்றார் பாஸ்டர், திரும்பாமலே. "கண்ணாடியெல்லாம் பனி."

நடுமத்தியானம். குன்னூர் முழுக்கக் கண் கூசும் வெயில்.

"ஆமாங்க, நல்ல பனி," என்று எப்சிபா அவருடைய கண்ணாடியைக் கழற்றி, இரண்டு ஸ்வெட்டருக்குள்ளிருந்து முந்தானையை இழுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.