முதுகில் தேய்த்த எண்ணெய்

இலங்கையில் அரநாயக்கப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் மூக்காயி பால் வெட்டத் தொடங்கியபோது அவளுக்குப் பதினாறு வயது. விரலிடுக்கில் காய்ந்து ஒட்டும் ரப்பர்ப்பால் எத்தனை வாளித் தண்ணீர் ஊற்றினாலும் போகாது. கொஞ்சம் தேங்காயெண்ணெய் தேய்த்தால் பேசாமல் கழன்று வரும். அதனால் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் அந்த லயத்தில் எதற்கெடுத்தாலும் எண்ணெய்தான். அவளும் அதையே நம்பினாள், பாவம்.

தொண்ணூற்று நான்கில் ஒரு காலை, அவள் புருஷன் ஏழுமலை பூச்சிமருந்து டின்னை முதுகில் சுமந்துகொண்டு பக்கத்துத் தேயிலை மலைக்கு ஏறினான். மூடி தளர்ந்திருந்ததைப் பார்க்க ஸ்டோரில் ஒருவருக்கும் கண் இல்லை. எண்ணெய்ப் பிசுக்கான மருந்து முதுகெல்லாம் வழிய, "எரியுதுடி!" என்று லயத்துக்கு ஓடிவந்தான். மூக்காயி அவனைப் பீலிக் குழாயில் கொட்டும் தண்ணீரில் உட்கார வைத்தாள். தண்ணீர் ஓடியதே தவிர பிசுபிசுப்பு போகவில்லை.

"கலா, எண்ணெய்ப் போத்தலக் கொண்டாடி!"

ஆறு வயது மகள் விஜயகலா கொண்டுவந்து கொடுத்தாள். மூக்காயி அழுத்தி அழுத்தித் தேய்த்தாள். துணி துவைக்கிற சவர்க்காரம் பக்கத்துக் கல்லிலேயே கிடந்தது. மறுநாள் ஏழுமலை ஆஸ்பத்திரியில் இறந்துபோனான்.

"எண்ணெய் தேய்ச்சதாலதான் ஆஸ்பத்திரி வரைக்காவது உசிரோட போனாரு" என்று பதினொரு வருஷம் சொல்லிச் சொல்லியே மனதைத் தேற்றிக்கொண்டாள்.

கலா உயர்தரப் பரீட்சைக்கு இரசாயனவியல் படித்தாள். ஒரு மாலை அவள் சத்தமாகப் படித்தது அடுப்படியில் இருந்த மூக்காயிக்குக் கேட்டது.

"முனைவுன்னா என்னாடி?"

"தண்ணி மூலக்கூறுல ஒரு பக்கம் லேசா நேர் மின்னேற்றம், மறு பக்கம் லேசா மறை மின்னேற்றம்மா. அதனால ஒண்ண ஒண்ணு இழுத்துப் புடிச்சிக்கும், உப்பையும் சேத்துக்கும். எண்ணெய்க்கு அப்படி இல்ல, அதைத் தண்ணி சேத்துக்காது. எண்ணெய் எண்ணெயோடதான் சேரும்."

"அந்தப் பூச்சிமருந்து?"

"அதுவும்தான். தோலுக்குள்ள கொழுப்பு இருக்கு, அதுல எறங்கிரும். மேல எண்ணெயத் தேய்ச்சா இன்னும் நல்லா எறங்கும். சவர்க்காரத்துக்குத்தான் ஒரு நுனி தண்ணியப் புடிக்கும், மறு நுனி எண்ணெயப் புடிக்கும். அது போட்டுக் கழுவினாதான்..."

கலா சட்டென்று நிறுத்தினாள். புத்தகம் மடியில் கிடந்தது.

"அம்மா, அன்னைக்குப் போத்தல நான்தானே கொண்டாந்தேன்?"

மூக்காயி திரும்பாமல் அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள்.

"இல்லடி. நீ அன்னைக்குப் பள்ளிக்கூடம் போயிருந்த. எடுத்ததும் நான்தான், தேய்ச்சதும் நான்தான். நீ படி."

பிள்ளை நம்பினாளோ என்னவோ, மறுபடி படிக்கத் தொடங்கினாள். அவள் தூங்கிய பிறகு அழுதுகொள்ளலாம் என்று மூக்காயி உலையில் அரிசியைப் போட்டாள்.