ஒன்பது பேர் ஜெயித்த ஆட்டம்

வெர்லின் ஆஸ்ட்பி நாற்பத்தொரு வருஷம் எங்கள் பல்கலைக்கழக மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டார். ஃபுட்பால், பேஸ்பால் இரண்டு அணிகளின் குறிப்பேட்டையும் அவரே எழுதினார். நெப்ராஸ்காவின் இந்த மூலையில், பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு முட்டி மோதி ஓடும் அமெரிக்க ஃபுட்பால்தான் தெய்வம். பேஸ்பால் அதன் ஏழைச் சொந்தக்காரன். அந்த ஏழைக்கு நான் பயிற்சியாளர். ஃபுட்பால்காரர்கள் கழித்துப் போட்ட பஸ்ஸில்தான் நாங்கள் வெளியூர் போவோம்.

அவ்வளவு பெரிய தெய்வம், ஆற்றுக்கு அக்கரைக் கல்லூரியை ஒரே ஒரு தடவைதான் ஜெயித்திருந்தது. 1909, ஆறுக்கு ஐந்து. அந்த அணியின் புகைப்படம் கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது. படத்தில் ஒன்பது பேர். ஃபுட்பாலுக்குப் பதினொரு பேர் வேண்டாமா என்று கேட்டால், "ரெண்டு பேருக்குக் காய்ச்சல். ஒன்பதே பேரு, ஜெயிச்சுட்டாங்க!" என்பார்கள். பழைய மாணவர்கள் கூடும் அக்டோபர் சனிக்கிழமையில், அந்த வீரத்தின் நினைவாக, எங்கள் அணி முதல் பந்தை ஒன்பது பேரோடுதான் ஆடும். எதிரணிப் பதினொரு பேரும் பந்து வைத்திருப்பவனைப் புல்லோடு புல்லாக நசுக்குவார்கள். கூட்டம் எழுந்து நின்று கண்ணைத் துடைத்துக்கொள்ளும்.

2009 மார்ச்சில் விளையாட்டுத் துறைத் தலைவர் டுவெய்ன் கெட்டரிங் பேஸ்பாலை மூடப்போவதாக அறிவித்தார். எங்கள் மைதானத்தில் ஃபுட்பாலுக்குப் பயிற்சிக்கூடம் வருகிறதாம். வெர்லினுக்கு முகம் செத்துவிட்டது. படிக்கிற காலத்தில் அவர் அங்கே நடு மேட்டில் நின்று பந்து வீசியவர்.

"அந்த மேட்டுல நின்னப்பதான் கோச், நாலு பேரு என்னைத் திரும்பிப் பாத்தாங்க" என்றார்.

அதே வாரம், அந்த வெற்றியின் நூற்றாண்டு மலருக்காகப் பழைய செய்தித்தாள்களைப் புரட்டிய வெர்லின் ஒரு பக்கத்தைப் பிரதி எடுத்துக்கொண்டு என்னிடம் ஓடிவந்தார். ஆறுக்கு ஐந்து. அதே ஒன்பது பேர். தேதி மே பதினான்கு. ஆட்டம் பேஸ்பால்! பேஸ்பாலுக்கு அணியே ஒன்பது பேர்தான். யாரோ ஒரு புண்ணியவான் தப்பான பட்டியலில் ஏற்றிவிட்டான். அந்தக் காலத்து ஃபுட்பாலிலும் இப்படிச் சின்ன எண்கள்தான், யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

இருவரும் கெட்டரிங் அறைக்குப் போனோம்.

"மே மாசத்துல எவன்யா ஃபுட்பால் ஆடுவான்?" என்றார் அவர்.

"அதையேதான் நானும் கேக்கறேன், டுவெய்ன்" என்றார் வெர்லின்.

கெட்டரிங் மறுபடி படித்தார். "இது வெளிய போனா, அக்கரைக்காரங்களை நாம ஜெயிச்சதே இல்லைன்னு ஆயிடும்."

"பேஸ்பால்ல ஜெயிச்சிருக்கோமே" என்றேன்.

"அதெல்லாம் ஒரு ஜெயிப்பா, கோச்?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. வெர்லின் என் கையைப் பிடித்து அழுத்தினார். "பேஸ்பாலை மூடாதீங்க, டுவெய்ன். மலர்ல நான் பழையபடியே எழுதிடறேன்."

"கூடத்தை வேற எங்கயாவது கட்டிக்கலாம்" என்றார் கெட்டரிங்.

வெளியே வந்ததும் கத்தினேன். "நம்ம பசங்க ஜெயிச்சதைத் தூக்கி அவனுங்ககிட்டயே குடுத்துட்டீரே!"

"செத்துப்போன பசங்க, கோச். கோவிச்சுக்க மாட்டாங்க. இருக்கிற பசங்க ஏப்ரல்ல ஆடணும்."

ஆடினோம். பதினொரு ஆட்டம் தோற்றோம், நாலு ஜெயித்தோம். ஒன்றைக்கூட வெர்லின் தவறவிடவில்லை.

அக்டோபரில் அவருக்கு ஓய்வு. முதல் பந்தில் ஒன்பது பேர் வழக்கம்போல் நசுங்கி எழுந்ததும், கெட்டரிங் அவரை மைதானத்துக்கு நடுவே அழைத்தார். தங்க நிறம் பூசிய முட்டை வடிவப் பந்து ஒன்றை, 6–5 என்று எழுதி, கையில் கொடுத்தார். வெர்லின் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மைக்கில் கேட்டார்:

"ரொம்ப நன்றி, டுவெய்ன். இதுலயே சின்னதா, உருண்டையா ஒண்ணு இல்லையா?"

எட்டாயிரம் பேரும் சிரித்தார்கள். கெட்டரிங் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார். வெர்லின் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதார்.

எனக்குப் பின்வரிசையில் இருந்த ஒருவர் மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னார்: "ஃபுட்பாலுக்காகவே வாழ்ந்த மனுஷன்யா!"