பிரிக்காத கவர்

"ஏங்க, ஒரு கவரைப் பிரிக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

கொஞ்ச நாள் முன்பு, வேலூரில் ஒரு வக்கீல் மேடம் எங்களிடம் கேட்ட கேள்வி இது. எங்களுக்கு நான்கு மாதம் ஆகியிருந்தது!

ஆம்பூர் ஷூ கம்பெனி பேக்கிங்கில் என்னோடு வேலை செய்பவர் நசீர் பாய். அவருடைய அண்ணன் பதினாறு வருஷமாக வேலூர் ஜெயிலில் ஆயுள் கைதி. மத்திய ஏஜென்சி விசாரித்த கேஸ். முன்கூட்டியே விட வேண்டுமானால் டெல்லியும் தலையாட்ட வேண்டும். டெல்லி ஆட்டவில்லை. ஹைகோர்ட்டும் மனுவைத் தள்ளிவிட்டது. இனி சுப்ரீம் கோர்ட்தான். அதற்குக் கெடு தொண்ணூறு நாள்.

உத்தரவு நகல் தபாலில் வந்தது — அரக்கு சீல் வைத்து.

"இன்னாண்ணா, பிரிச்சிப் பாக்கலாமா?" என்றார் நசீர்.

வாராவாரம் இந்தப் பத்திரிகையில் எழுதுகிறேன் அல்லவா... ஐந்தாவது படித்த எனக்குச் சட்டமும் தெரியும் என்று அவருக்கு நம்பிக்கை.

"வேணாம் பாய். சீல் இருக்குதே. ஆபீசர் வந்துதான் பிரிப்பாரு."

எங்கள் கம்பெனியில் கன்டெய்னர் சீலை கஸ்டம்ஸ் ஆபீசர்தான் பிரிக்கலாம்; நாங்கள் கை வைத்தால் வேலை போய்விடும். கோர்ட் சீல் என்றால் சும்மாவா? கவர் பீரோவுக்குள் போனது. ஆபீசர் வரவில்லை.

நசீர் ஜெயிலுக்குப் பார்க்கப் போனபோது அண்ணன் கேட்டிருக்கிறார். "அப்பீல் போட்டாச்சாடா?"

"கவர் பத்திரமா இருக்குண்ணே!"

"எந்தக் கவர்?"

அப்புறம்தான் வக்கீலிடம் ஓடினோம். கெடு தாண்டி முப்பது நாள். தாமதத்தை மன்னிக்கச் சொல்லித் தனி மனு போட வேண்டுமாம். காரணம் சொல்ல வேண்டுமாம். கோர்ட் ஒத்துக்கொள்ளாவிட்டால் அப்பீலே கிடையாது.

"மஞ்சள் காமாலைன்னு எழுதிடலாமா?" என்றார் குமாஸ்தா.

"நோன்பு மாசம் சார், பொய் வேணாம்" என்றார் நசீர்.

நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவன் நான். பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி கையைத் தூக்கினேன். "பிரிக்க வேணாம்னு சொன்னது நான்தான் மேடம்..."

"உங்களை நம்பினாரா?" என்றார் மேடம். சிரிக்காமல் எழுதிக்கொண்டார். நான் கையெழுத்துப் போட்டேன். இத்தனை வருஷத்தில் டெல்லி வரை போன என் முதல் சமாச்சாரம் அதுதான்.

நேற்று செய்தி வந்தது. தாமதத்தை மன்னித்துவிட்டார்களாம். நசீர் வீட்டில் பாயசம். ஜெயிலில் அண்ணன் அழுதாராம்.

முப்பது நாளுக்கு மன்னிப்பு வாங்கியாயிற்று. பதினாறு வருஷத்தைப் பற்றி... இனிமேல்தான் பேசுவார்களாம்!