ஒரத்தநாட்டுச் சாலையில் ஒன்பதாவது நேர்காணல்

ஊடகவியலில் முனைவர் பட்டம் முடித்துவிட்டுத் தஞ்சாவூர்ப் பக்கம் நேர்காணலுக்குப் போகிறவர்களுக்கு இது உதவலாம். போன ஜூலையில் எனக்கு ஒன்பதாவது அழைப்பு வந்தது. வயது வரம்பு நாற்பத்தாறு. அடுத்த மாதம் எனக்கு நாற்பத்தேழு. நிரந்தர வேலைக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. முந்தைய எட்டில் மூன்று, என் நெறியாளர் பரிந்துரைக் கடிதத்தைக் கடைசி நாள் கழிந்து அனுப்பியதால் போயின. இதை அவர் படித்தாலும் சரிதான்.

காலை 5.45க்குத் தஞ்சாவூரில் இறங்கினேன். குளித்து உடைமாற்ற அறை 400 ரூபாய். 7.50க்கு ஒரத்தநாடு பேருந்து. கல்லூரி பத்தொன்பதாவது கிலோமீட்டரில். டிக்கெட் 20 ரூபாய். இருபுறமும் குறுவை நடவு நடந்துகொண்டிருந்தது.

நடத்துனர் என் கோப்பைப் பார்த்தார். "இன்டர்வியூவா சார்? இந்த வண்டியிலயே நீங்க மூணாவது ஆளு. மத்த ரெண்டு பேரும் சின்னப் பசங்க."

விளம்பரம் கேட்டது காட்சித் தொடர்பியல். நம் பட்டமோ பல்கலைக்கழகத்துக்கு ஒரு பெயரில் இருக்கும். இரண்டும் சமம் என்ற அரசாணையின் நகல் இல்லாவிட்டால் சான்றிதழ் சரிபார்ப்போடு திருப்பிவிடுவார்கள். நான் அப்படி இரண்டு முறை திரும்பியிருக்கிறேன். பக்கத்தில் இருந்தவர்கள் தங்கள் நகலைக் காட்டக்கூட இல்லை.

சரிபார்ப்பு வரிசையில் எனக்கு முந்தைய எண் ஷமீமா. கீழ்வேளூர்க்காரர், என் பல்கலைக்கழகம்தான், எட்டு வயது இளையவர். அலுவலகக் கண்காணிப்பாளர் அவரிடம், "ஜி.ஓ. காப்பி இல்லாம நான் என்னம்மா பண்றது?" என்றார்.

ஷமீமா என் பக்கம் திரும்பினார். "சார், உங்ககிட்ட எக்ஸ்ட்ரா இருக்கா? இல்லன்னா சொல்லிடுங்க, ஒம்பதரை பஸ்ஸப் பிடிச்சிடுறேன்."

இரண்டு இருந்தன. கொஞ்சம் யோசித்துவிட்டு ஒன்றைக் கொடுத்தேன்.

"எனக்குக் கிடைச்சா கோவிச்சுக்கக் கூடாது சார்."

"கண்டிப்பா கோவிச்சுக்குவேன்."

மாதிரி வகுப்பு பதினைந்து நிமிடம். நான் கோட்பாட்டை விளக்கினேன். மாணவர்கள் மரியாதையாகக் கேட்டார்கள். ஷமீமா அன்றைய நாளிதழைக் கொடுத்து, மேட்டூர்த் தண்ணீர்ச் செய்தி ஏன் பக்கத்தின் அடியில் கிடக்கிறது என்று கேட்டாராம். மாணவர்கள் போட்ட சத்தம் வாசல்வரை வந்தது. மூன்று மணிக்கு முடிவைச் சொன்னார்கள். வேலை அவருக்கு.

பேருந்து நிறுத்தத்தில், "நான் இருந்த எடம் காலியாவுது சார். திருவாரூர்ல, கெஸ்ட் லெக்சரர். வயசெல்லாம் கேக்க மாட்டாங்க," என்றார்.

அரசாணை நகல் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். மாதிரி வகுப்புக்கு அந்த ஊர்ச் செய்தியை எடுங்கள். திரும்ப 4.15 பேருந்தில் உட்கார இடம் கிடைக்கும்.

நான் இப்போது திருவாரூரில் பாடம் எடுக்கிறேன். நல்லது செய்தேன், நல்லது நடந்தது என்று யாரும் பின்னூட்டம் போட வேண்டாம். ஷமீமாவின் சம்பளத்தில் பாதிகூட எனக்கு இல்லை.